பிள்ளைக்கு முதல் காவல்

காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் பிரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் "இன்னைக்குக் கிளினிக் நாள்" என்று சொன்னால், முதல் தடை வீட்டிலேயே எழுகிறது. "ஒருநாள் சம்பளம் போயிடும், அடுத்த வாரம் போனா ஆகாதா?" என்கிறார் கணவர். "நாங்கள்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?" என்கிறார் மாமியார். இருவருக்கும் நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

மாமியாருக்கு முதலில். அந்தக் காலத்தில் லயத்து வீட்டிலேயே பிரசவம் நடந்தது. கைக்குக் கிடைத்த பிளேடால் கொடி அறுத்து, தொப்புளில் சாம்பல் வைத்தவர்களும் உண்டு. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று வாய் இறுகி, உடம்பு வில்லாய் வளைந்து கண்ணை மூடிவிடும். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று அழுதார்கள். காத்துமில்லை, கருப்புமில்லை, அறுத்த இடத்தில் புகுந்த ரண ஜன்னிக் கிருமிதான் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 1988-இல் உலகெங்கும் சுமார் 787,000 பச்சைப் பிள்ளைகளை இந்த ஜன்னி கொண்டுபோனது. 2018-இல் அது 25,000 ஆகக் குறைந்தது. சுத்தமான பிரசவமும் தாய்க்குப் போட்ட ஊசியுமே இதைச் சாதித்தன.

தாய்க்குப் போடும் ஊசி பிள்ளையை எப்படிக் காக்கும்? தாயின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி, நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. அந்தச் சக்தி உண்டாகவே சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவேதான் கணவன்மாருக்குச் சொல்கிறோம்: முதல் கர்ப்பத்தில் ரண ஜன்னி ஊசி இரண்டு. இடையில் நான்கு வாரமாவது வேண்டும். இரண்டாவது ஊசி பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளினால் ஊசி போட்டும் பயனில்லாமல் போகும்.

கக்குவான் இருமலும் அப்படித்தான். நம் நாட்டில் பிள்ளைக்கு அதற்கான ஊசி இரண்டாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை காவல் யார்? தாய்தான். பிரிட்டனில் 2012-இல் 14 கைக்குழந்தைகள் இந்த இருமலுக்குப் பலியாயின. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். இந்த ஊசியைப் பற்றியும், சளிக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் நம் சகோதரிகள் கிளினிக்கில் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். ருபெல்லா ஊசி போன்ற சில, கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாதவை. எது ஆகும், எது ஆகாது என்பதை நர்ஸ் சொல்லட்டும். பக்கத்து வீட்டார் சொல்ல வேண்டாம்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 முதல் சட்டம் 98 நாள் பிரசவ விடுமுறை தருகிறது. அந்த நாட்களில் தாயின் மடியில் பிள்ளை நலமாக இருக்க, அதற்கு முன்பே சில காலை வேளைகளை விட்டுக்கொடுங்கள். கிளினிக் நாளில் சம்பளம் பிடிக்காதீர்கள். உள்தோட்டத்திலிருந்து ஒரு வண்டியும் கொடுங்கள்.

சகோதரிகள் இன்றே தங்கள் கர்ப்பகாலப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். ஊசி போட வேண்டிய நாள் தவறியிருந்தால், கணவரே உடன் அழைத்துப் போகட்டும்.