தண்ணீர் பட்டதும் செத்துப்போனதா 911?

போர்ஷே 911 பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழும்: "அசல் 911 என்பது 993-ஓடு முடிந்தது. அதற்கப்புறம் வந்ததெல்லாம் பெயருக்குத்தான் 911." இதைச் சொல்பவர் இரண்டையும் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றையாவது ஓட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார், கேட்பவர் தலையாட்டுகிறார். கால் நூற்றாண்டாக இப்படித்தான் இந்த நம்பிக்கை கைமாறி வருகிறது.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1963-ல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான கார் 911. எஞ்சின் பின்னால், அதுவும் பின்சக்கர அச்சுக்கும் பின்னால். ஆறு சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்த வாக்கில் இருக்கும். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. பெரிய காற்றாடி ஒன்று காற்றை அடித்துத் தள்ளும். அந்த ஏற்பாட்டோடு வந்த கடைசித் தலைமுறைக்குத் தொழிற்சாலைக் குறியீடு 993. 1993-ல் வெளிவந்து 1998-ல் உற்பத்தி நின்றது. அடுத்த தலைமுறையான 996, 1997 செப்டம்பரில் அதே பிராங்க்பர்ட்டில் மேடையேறியது. அதன் எஞ்சினைத் தண்ணீர் குளிர்வித்தது. அவ்வளவுதான், தெய்வகுற்றம் நடந்துவிட்டது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. இன்றுவரை ஓயவில்லை. இன்று சந்தையில் நல்ல 993 ஒன்றின் விலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 996 வாங்கலாம்.

விலை ஏறட்டும், அது சந்தையின் பாடு. 993 அழகான கார் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அரிது என்றாலும் சரி. ஆனால் 'ஓட்டும் சுகம் 993-ஓடு போய்விட்டது' என்று சொல்லும்போதுதான் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தச் சுகம்? காரின் எந்தப் பாகத்தில் இருந்த சுகம்?

பழையது லேசானது, புதியது கனத்துப்போனது என்பது முதல் வாதம். மற்றப் பல கார்களுக்கு இது பொருந்தும். இங்கே நேர் எதிர். சாதாரண 993 கரேராவின் எடை 1,370 கிலோ. அதன் இடத்துக்கு வந்த 996 கரேராவின் எடை 1,320 கிலோ. நீளத்தில் 185 மி.மீ. கூடி, ரேடியேட்டர்களையும் தண்ணீரையும் சுமந்துகொண்டு, புதிய கார் 50 கிலோ இளைத்திருந்தது.

எஞ்சினுக்கு வருவோம். 993-ல் இருந்தது 3.6 லிட்டர்; சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். 1996 மாடல் முதல் அது 285 குதிரைசக்தியை 6,100 சுற்றில் தந்தது. 996-ன் எஞ்சின் அதைவிடச் சிறியது, 3.4 லிட்டர்தான், ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். 300 குதிரைசக்தியை 6,800 சுற்றில் தந்தது. இந்த எண்களில் வேகத்தைவிட முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. பெரிய எஞ்சின் 6,100 சுற்றிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதற்கு மேலே போனால் தளரும். சிறியது மேலே போகப் போகத்தான் உற்சாகமாகும். கியரை மாற்றாமல் இன்னும் ஒரு நொடி பொறுத்திருக்கச் சொல்லி ஆசை காட்டும். ஓட்டுகிறவனுக்கு இது இன்பமா, இழப்பா?

நான்கு வால்வு வைக்கத் தண்ணீர் எதற்கு என்று கேட்கலாம். சிலிண்டரின் தலைப்பகுதியில் புகை வெளியேறும் இரண்டு வால்வுகளுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் இடையில் உள்ள ஒட்டிய இடம்தான் எஞ்சினிலேயே மிகவும் கொதிக்கிற இடம். அந்த இடுக்கில் காற்றை நுழைத்துச் சூட்டை இழுப்பது பெரும்பாடு. தண்ணீர் சுலபமாகப் புகுந்து வரும். புகை, இரைச்சல் கட்டுப்பாடுகளும் இறுகிக்கொண்டே வந்தன. பந்தயத்தில் போர்ஷே இதை எப்போதோ செய்துவிட்டது. 1978-ல் ஓடிய 935/78 பந்தயக் காரிலேயே சிலிண்டர் தலைகளுக்குத் தண்ணீர் போனது. 1980-களின் 959-லும் அப்படியே. பந்தயத்தில் தண்ணீர் ஓடியபோது கைதட்டியவர்கள், அதே தண்ணீர் தெருவில் ஓடும் 911-க்கு வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டது வேடிக்கை. அது போகட்டும், 'காற்றால் குளிர்ந்த' எஞ்சின் வெறும் காற்றாலா குளிர்ந்தது? பத்து லிட்டருக்கும் மேலான எண்ணெய் உள்ளே சுற்றிச்சுற்றி வந்து, தனிக் குளிர்விப்பானில் போய்ச் சூட்டை இறக்கி வைத்தது. திரவம் இல்லாத தூய 911 என்று ஒன்று இருந்ததே இல்லை.

இப்போது சாலைக்கு வருவோம். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. 993-ல் நெருங்குகிறீர்கள். பிரேக்கை மிதித்ததும் எடை முன்னால் சாய்கிறது; அதுவரை லேசாக இருந்த ஸ்டீயரிங் கையில் கனக்கிறது. திருப்புகிறீர்கள். பொறுமை இழந்து ஆக்சிலரேட்டரைச் சீக்கிரம் மிதித்தால் மூக்கு லேசாகி வெளிப்பக்கம் விலகும். பயந்து போய் காலைச் சட்டென்று எடுத்தால், பின்னால் தொங்கும் எஞ்சின் வாலை வெளியே இழுக்கப் பார்க்கும். சரியான கணத்தில் சரியாக மிதித்தால், அதே எஞ்சின் பின் டயர்களைத் தரையோடு அழுத்திப் பிடித்து உங்களை வளைவிலிருந்து எறிந்துவிடும். மெதுவாக உள்ளே போ, வேகமாக வெளியே வா: 911-ன் இலக்கணம் இது. 996-ல் அதே வளைவுக்குப் போங்கள். எடை அப்படியே முன்னால் சாய்கிறது, மூக்கு அப்படியே லேசாகிறது, வால் அப்படியே கேள்வி கேட்கிறது. முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் 2,272-லிருந்து 2,350 மி.மீ. ஆனதால் அந்தக் கேள்வியைச் சற்று மரியாதையோடு கேட்கிறது. ஓட்டுநர் யோசிக்க அரை நொடி கூடுதலாகக் கிடைக்கிறது.

"அந்த மரியாதைதான் கெடுத்தது" என்பார்கள். வாலை அடக்கியதுதான் குற்றம் என்றால் குற்றவாளி 996 இல்லை. 1960-களின் ஆரம்ப 911-களில் மூக்கு மிதக்காமல் இருக்க முன் பம்பரின் இரு மூலைகளிலும் இரும்புக் கட்டிகளை வைத்து அனுப்பியது இதே போர்ஷேதான். 1969 மாடலில் சக்கரங்களின் இடைத்தூரத்தை 57 மி.மீ. கூட்டியதும் அதே நோக்கத்துக்காகத்தான். 993-ன் புகழுக்கே பெரிய காரணம், வாலின் குறும்பை அடக்க அதற்குப் புதிதாகக் கொடுத்த பல இணைப்புப் பின் சஸ்பென்ஷன். ஆக, 993 அடக்கினால் பொறியியல் சாதனை. 996 அடக்கினால் துரோகம். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பது வேறென்ன?

ஸ்டீயரிங்கைப் பார்ப்போம், ஓட்டும் சுகத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. இரண்டிலுமே ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். சாலையின் சொரசொரப்பும், டயரின் பிடி எங்கே தளர்கிறது என்பதும் இரண்டிலுமே உள்ளங்கைக்கு வந்து சேரும். 911-க்கு மின்மோட்டார் ஸ்டீயரிங் வந்தது 2011-ல், 991 தலைமுறையோடு. அதில் சக்கர இடைத்தூரமும் ஒரேயடியாக 100 மி.மீ. கூடியது. பிறகு அதே தலைமுறையின் இரண்டாம் பாதியில், 2015-ல், சாதாரண கரேராவுக்கும் டர்போ எஞ்சின் வந்தது. 'தொடுவுணர்வு போய்விட்டது' என்று அழ விரும்புகிறவர்கள் அழ வேண்டிய இடம் அது. 1998-ல் உட்கார்ந்து அழுவது தப்பான வீட்டில் வைக்கும் ஒப்பாரி.

பெடல்களுக்கு வந்தால் வழக்கு இன்னும் சுவாரசியமாகிறது. 993-ல் பெடல்கள் தரையிலிருந்து முளைத்திருக்கும்; 1963-ன் வடிவமைப்பு அது. பழகியவர்களுக்குப் பிடிக்கும்; பழகாதவர் கிளட்சை மிதிக்கக் காலை எங்கே ஊன்றுவது என்று திண்டாடுவார். 996-ல் மற்றக் கார்களைப் போல மேலிருந்து தொங்கும். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறங்கிப் பாருங்கள். தட்டிய தட்டுக்கு எஞ்சின் எவ்வளவு சுருக்காகப் பதில் சொல்கிறது என்பதில்தான் சுகமே இருக்கிறது. 1998, 1999 மாடல் பின்சக்கர இயக்கக் கரேராவில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே இருந்தது சாதாரண கேபிள்தான். எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் அதற்குப் பிறகு பரவியது. 'எல்லாம் கம்ப்யூட்டர் மயம்' என்ற புகார் இந்தக் கார்கள் மேல் எப்படி ஒட்டும்?

எதிர்த்தரப்புக்கு நியாயமான வாதங்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒலியில் 993 வென்றது. காற்றாடியின் சீறலும் உலோகத்தின் கரகரப்பும் கலந்த அந்தச் சத்தத்தைத் தண்ணீர் உறை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. உடல் குறுகலாக இருப்பதால் ஒடுக்கமான சாலையில் 993 இன்னும் சௌகரியம். கதவைச் சாத்தினால் பெட்டகம் மூடுவது போலக் கேட்கும். 996-ன் உள்ளே கை வைக்கும் இடமெல்லாம் மலிவான பிளாஸ்டிக். முன் விளக்குகளோ உடைந்த ஆஃப்பாயில் போல வழிந்து நிற்கும். அதற்கும் காரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே கம்பெனியே முழுகும் நிலையில் இருந்தது. தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெகிங், ஜப்பானிய உற்பத்தி முறை நிபுணர்களை அழைத்துத் தொழிற்சாலையைத் திருத்தினார். விலை குறைந்த பாக்ஸ்டரும் புதிய 911-ம் மூக்கு முதல் கதவு வரை பாகங்களைப் பகிர்ந்துகொண்டன. அந்தச் சிக்கனம் கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. ஆனால் ஸ்டீயரிங்கிலும் சஸ்பென்ஷனிலும் அவர்கள் சிக்கனம் பிடிக்கவில்லை.

கடைசி ஆயுதமாக எடுப்பது ஐஎம்எஸ் பேரிங். 996-ன் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங் இது. உடைந்தால் எஞ்சினே போய்விடும். உண்மையான குறை, மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களை வைத்துக் கூட்டு வழக்கு நடந்து, சமரசத்தில் முடிந்தது. ஆரம்ப கால இரட்டை வரிசை பேரிங்கைவிட, பின்னால் வந்த ஒற்றை வரிசை பேரிங்தான் அதிகம் பழுதானது. மாற்றிப் பொருத்தும் வழியும் இப்போது உண்டு. 993 மட்டும் சொக்கத் தங்கமா? ஆரம்ப மாடல்களில் வயரிங் உரிந்து போகும். 1996 மாடல் முதல் வந்தவற்றில் புகைக் கட்டுப்பாட்டுக்காகச் சிலிண்டர் தலைக்குள் விட்ட காற்றுத் துளைகள் கரி பிடித்து அடைபடும். சரிசெய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டிவரலாம். எப்படியிருந்தாலும் இது மெக்கானிக்கிடம் பேச வேண்டிய விஷயம். வளைவில் கார் எப்படித் திரும்புகிறது என்ற கேள்விக்குப் பேரிங் பதில் ஆகாது.

'கலப்படம்' என்பதுதான் அளவுகோல் என்றால், 993-ம் தேறாது. பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், சுருள் ஸ்பிரிங் எல்லாம் 1989 மாடலாக வந்த 964-லேயே 911-க்குள் நுழைந்துவிட்டன. அப்படிப் பார்த்தால் அதற்கு முந்தியதுதான் அசல். இன்னும் தோண்டினால் 1969-க்கு முந்தியதுதான் அசல். எங்கே கோடு போடுவது? கடைசியாகக் காற்றாடி சுற்றிய இடத்தில் போட்டார்கள், ஏனென்றால் அந்தக் கோடு சேகரிப்பவர்களுக்கு வசதியானது. 'கடைசி' என்ற பட்டம் விலையை ஏற்றும். ஏறிய விலை மேன்மைக்குச் சாட்சி சொல்லும். அந்தச் சாட்சி விலையை இன்னும் ஏற்றும். இந்தச் சக்கரத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் அவசியமே வரவில்லை.

பொறியாளர்கள் இந்தச் சண்டையைக் கவனித்ததாகவே தெரியவில்லை. 1999-ல் 996 உடலுக்குள் லெ மான் பந்தயக் கார் 911 ஜிடி1 வழிவந்த தண்ணீர் எஞ்சினைப் பொருத்தி ஜிடி3 என்று வெளியிட்டார்கள். பந்தய ஓட்டுநர் வால்டர் ரோரல் அதை நியூர்பர்க்ரிங் தடத்தில் 8 நிமிடத்துக்குள் ஓட்டிக் காட்டினார். ஓட்டும் இன்பத்துக்கே உரைகல் என்று இன்று கொண்டாடப்படும் ஜிடி3 வம்சம் தொடங்கியதே, 'செத்துப்போனது' என்று இவர்கள் சொல்லும் அந்த உடலில்தான்.

கூடத்தில் நிறுத்திவைத்துப் பார்க்க, பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போக ஒரு 911 வேண்டுமென்றால் 993 வாங்குங்கள், நல்ல முதலீடு. ஞாயிறு காலையில் எழுந்து மலைச்சாலையில் ஓட்ட வேண்டுமென்றால், கேபிள் ஆக்சிலரேட்டரும் ஆறு கியர் மேனுவலும் உள்ள ஆரம்ப கால 996 ஒன்றைத் தேடுங்கள். பேரிங்கைப் பரிசோதித்து, நல்ல டயர் போட்டு, மிச்சப் பணத்துக்குப் பெட்ரோல் நிரப்புங்கள். காற்றா தண்ணீரா என்ற தீர்ப்பை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.