நீரும் உணவே

தோலில் தோன்றும் புற்றுநோய்க்கும் நாம் உண்ணும் உணவுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினா இந்நாளில் பலராலும் எழுப்பப்படுகின்றது. வெயிலே இந்நோய்க்குப் பெருங்காரணம் என்பது அறிந்ததே. ஆயினும், இன்ன மாத்திரையை விழுங்கினால் தோல் காக்கப்படும் என்று கூறி விற்போரும் பெருகியுள்ளனர். அவர்தம் சொல்லை ஆராயாது ஏற்றல் நன்றன்று என்பதே நமது கருத்து.

ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடைபெற்றது. காரட்டிலுள்ள பீட்டா கரோட்டின் சத்தை மாத்திரையாக உட்கொண்டோரிடையே தோற்புற்று குறையவில்லை. அமெரிக்காவில், முன்னரே இந்நோய் கண்ட 1,312 பேரில் ஒரு சாராருக்குச் செலினியம் அளித்துப் பார்த்தனர். அவர்களிடையே ஒருவகைத் தோற்புற்று 25 சதவிகிதம் மிகுந்திருந்ததாக 2003-இல் வெளியான முடிவு கூறிற்று.

அங்ஙனமாயின் உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. அதனைக் காண மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டுவதில்லை. கிணற்றையும் சோற்றுப் பானையையும் நோக்கினால் போதும். மேற்கு வங்கம் இதற்குச் சான்று.

நதியா மாவட்டத்துச் சாந்திப்பூர்ச் சேலையைக் கேள்வியுறாத நெசவாளர் நம்மிடையே அரியர். அம்மாவட்டம் உட்பட வங்கத்தின் பல பகுதிகளில், குளத்து நீரால் பேதியும் காலராவும் பரவியமையின், குழாய்க் கிணறுகள் ஏராளமாக இறக்கப்பட்டன. நீர் தெளிந்திருந்தது, சுவையும் கெடவில்லை. ஆனால் இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்ததை எவரும் அறிந்திலர். நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அஞ்சிய பொருள் இதனால் ஆயதே. 1983-இல் கல்கத்தாவில் மருத்துவர் கே. சி. சாகா, தம்மிடம் வந்த கிராமத்தாரின் தோல் நோய்க்கு இந்நஞ்சே காரணம் என்று கண்டறிந்தார்.

மார்பில் மழைத்துளி போன்ற புள்ளிகள் முதலில் தோன்றும். பின்னர் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சிடும். பல்லாண்டு கழிந்தபின் சிலருக்குப் புற்று உண்டாகும். துணி மூடி வெயில் படாத இடங்களிலும் அது தோன்றும். தைவானின் தென்மேற்குப் பகுதியில் இத்தகைய கிணற்று நீரைப் பருகிய ஊர்களில் 40,421 பேரைச் சோதித்ததில் 428 பேருக்குத் தோற்புற்று இருந்தமை 1968-இலேயே வெளியாயிற்று. கை தடித்து வெடித்தபின் நெசவாளி நாடாவைப் பிடிப்பது எங்ஙனம்? உழவன் நாற்று நடுவது எங்ஙனம்?

கேடு குடிநீரோடு நின்றுவிடவில்லை. மழையற்ற பருவத்தில் விளையும் போரோ நெல்லுக்கும் அதே நீர் பாய்கின்றது. நீர் தேங்கிய வயல் மண்ணில் காற்றுப் புகாமையால் ஆர்செனிக் கரைந்து வேர்வழி ஏறுகின்றது. நெல் அதனைப் பிற தானியங்களினும் மிகுதியாக உறிஞ்சுகின்றது. வயலை இடையிடையே காயவிட்டு நீர் பாய்ச்சினால் இது குறையும். தூய நீரை நிறைய விட்டு வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் அரிசியிலுள்ள நஞ்சில் கணிசமான பகுதி நீங்கும். கஞ்சியோடு சில சத்துக்களும் போகுமாதலின், நஞ்சுள்ள ஊருக்கே இம்முறை உரியது. நஞ்சுள்ள நீரிலேயே உலை வைத்தால் பயனில்லை. கொதித்தலால் ஆர்செனிக் அழிவதில்லை.

ஒரே நீரைப் பருகியோருள்ளும் வறியோர்க்கே துன்பம் மிகுதி. ஊனுணவுப் புரதம், சுண்ணச் சத்து, கீரையிலும் பயற்றிலும் உள்ள ஃபோலேட் ஆகியவை குறைந்தவர்களிடையே தோற்கேடு சற்று மிகுதியாகக் காணப்பட்டதென மேற்கு வங்கத்தில் நடந்த ஆய்வொன்று 2004-இல் தெரிவித்தது. நல்லுணவு துணை செய்யும். நஞ்சுள்ள கிணற்றுக்கு அது மாற்றாகாது.

இனிச் செய்யத்தக்கது யாது? கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாத நஞ்சைத் தனி ஒருவன் அறிய இயலாது, சோதனைதான் காட்டும். ஒரு லிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. வங்காளதேசத்தில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கிணறுகளைச் சோதித்து, அந்நாட்டு வரம்பான 50 மைக்ரோகிராமைக் கடந்தவற்றுக்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசினர். எழுத்தறியாதாரும் உணரும் வழி அது. ஆயின் மேற்கு வங்கத்தில் பெரும்பொருள் செலவிட்டு நிறுவிய வடிகட்டிகள் பல, பேணுவாரின்றிப் பழுதுற்றன. நிறுவுதல் எளிது; நாள்தோறும் பேணுதலே அரிது.

அப்பேணுதல் கூட்டுறவுக்கே உரிய பணி என்று நாம் துணிந்து கூறுவோம். நூலின் எண்ணையும் விதையின் தரத்தையும் பார்த்து வாங்கும் சங்கம், தன் உறுப்பினர் பருகும் நீரின் தரத்தைப் பாராதிருத்தல் முறையாகுமா? எவ்வூராயினும் ஆழ்கிணறு தோண்டியவுடன் நீரைச் சோதிக்கச் செய்தலும், முடிவைப் பொதுவிடத்தில் எழுதி வைத்தலும் சங்கத்தின் கடமைகளாதல் வேண்டும். மாத்திரைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.