மேலாண்மைப் படிப்பு நமக்கு எட்டாக் கனியா?



"டிப்ளமா முடிச்சுட்டு எம்.பி.ஏ.வா? அதெல்லாம் கோட்டு சூட்டு போட்டவன் வீட்டுப் பிள்ளைங்க சமாச்சாரம்டா!" நம் விடுதி வராந்தாவில் இந்த வசனம் ஒலிக்காத நாளில்லை. சொல்கிறவன் கேலியாகத்தான் சொல்கிறான். கேட்கிறவன் மனசில் அது ஆணியாக இறங்கிவிடுகிறது. அந்த ஆணியைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இது என் கடைசி வருடம். "வேலைக்குப் போறியா, மேல படிக்கிறியா?" என்பதுதான் வீட்டில் இப்போது தினமும் கேட்கும் கேள்வி. என் பதிலில் என் தங்கையின் படிப்பும் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைப் பொழுதுபோக்காக எழுதவில்லை.

முதலில் வழி இருக்கிறதா என்று பார்ப்போம். டிப்ளமாவை மட்டும் வைத்துக்கொண்டு எம்.பி.ஏ. சேர முடியாது, பட்டம் வேண்டும். டிப்ளமா முடித்தவர்கள் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது நமக்குத் தெரிந்ததே. பத்தாம் வகுப்புக்குப் பிறகு நமக்கு 3 வருடம் டிப்ளமா, 3 வருடம் பி.இ.; மொத்தம் 6. பிளஸ் டூ வழியாகப் போனவனுக்கு 2, பிறகு 4. அவனுக்கும் 6 தான்! நாம் ஒரு வருடம்கூடப் பின்தங்கவில்லை. பிறகு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எழுதித் தமிழகக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேரலாம். கேட் எழுதினால் ஐ.ஐ.எம். கதவையே தட்டலாம். 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கிய ஐ.ஐ.எம்., 2011-இல் நம் திருச்சிக்கே வந்துவிட்டது. கேட் எழுதப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45 சதவீதம் போதும். இறுதியாண்டு படிக்கும்போதே எழுதலாம்.

ஆக, வழி இருக்கிறது. "முதல்ல டிகிரி முடிப்போம், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற நம் மனப்பான்மைதான் சிக்கல். நான் இதை மறுக்கிறேன். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வது கடைசி வருடத்தில்தான். ஆனால் அதில் எழுதப்போகிற சங்கதி இன்றைக்கே உருவாகிக்கொண்டிருக்கிறது.

மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஐ.ஐ.எம்.கள் நேர்முகத்துக்கு அழைக்கும்போது கேட் மதிப்பெண்ணோடு பள்ளி மதிப்பெண்ணையும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் சேர்த்தே எடைபோடுகின்றன. இரண்டாம் ஆண்டில் சேருகிற நமக்கு பி.இ.யில் 6 செமஸ்டர்தான், மற்றவனுக்கு 8. அவன் ஒரு செமஸ்டரில் சறுக்கினால் சரிக்கட்ட இடமிருக்கிறது. நமக்கு அது குறைவு. போன உடனேயே பொறியியல் கணிதம் கழுத்தைப் பிடிக்கும். அதற்கு இப்போதே தயாராகாவிட்டால் அப்புறம் அழுது பயனில்லை.

அடுத்து, ஆங்கிலமும் கணக்கும். கேட் தேர்வு 3 பகுதிகள். பகுதிக்கு 40 நிமிடம். முதல் பகுதியே ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்வது. அதை மூன்று மாதக் கோச்சிங்கில் வாங்க முடியாது. நூலகத்தில் ஆங்கில நாளிதழ் சும்மாதானே கிடக்கிறது? தினம் ஒரு தலையங்கம், அரைமணி நேரம். புரியாத சொல்லை நோட்டில் எழுதுங்கள். இரண்டு வருடத்தில் என்ன ஆகும் என்று பாருங்கள். கணக்கைக் கண்டும் பயப்பட வேண்டாம். சதவீதம், விகிதம், காலமும் வேலையும் எல்லாம் பள்ளியில் பார்த்தவைதான். லேத்தில் ஒரு ஜாப் முடிக்க எத்தனை நிமிடம் என்று கணக்குப் போடுகிறவனுக்கு இது புதிதா என்ன?

மூன்றாவதுதான் முக்கியம். நேர்முகத்தில் "என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். இதற்குப் பயந்து நம்மில் பலர் சான்றிதழ் சேர்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் பயிலரங்கம், பணம் கட்டினால் ஒரு காகிதம், ஃபைல்தான் தடிக்கிறது. அதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்டால் வாய் அடைத்துப்போகும். நான் சொல்கிறேன், பத்துச் சான்றிதழைவிட ஒழுங்காகச் செய்த ஒரு வேலை பெரிது. இந்த மலருக்கு விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கிய நம் தோழர்கள் செய்தது என்ன? அதுவும் விற்பனைதானே! எந்தக் கடைக்காரர் ஏன் மறுத்தார், யார் எதற்கு ஒப்புக்கொண்டார், வரவு எவ்வளவு, அச்சகத்துக்குக் கொடுத்தது எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தால் அதுவே நேர்முகத்துக்குப் பதில். தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் கையெழுத்து வாங்கித் திரும்புவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது, மெஷின் ஏன் நின்றது என்று குறியுங்கள்.

இது புது யோசனையும் இல்லை. தொழில் மேலாண்மைப் பாடத்தில் எஃப். டபிள்யூ. டெய்லர் பெயரை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அவர் பட்டறையில் பயிற்சியாளராகத் தொடங்கியவர். இரும்பாலையில் வேலை பார்த்துக்கொண்டே 1883-இல் பொறியியல் பட்டம் பெற்றவர். வசதியான வீட்டுப் பிள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் 1911-இல் வந்த அவருடைய புத்தகத்துக்கான சரக்கு மெஷின் பக்கத்தில் நின்று, கடிகாரமும் கையுமாகப் பார்த்ததில் கிடைத்தது. வசதியில்லாத வீட்டுக்கு உதாரணம் வேண்டுமா? சென்னை மடிப்பாக்கத்தில் இட்லி விற்ற தாயின் மகன் சரத்பாபு, பிலானியில் பொறியியல் படித்து, பிறகு 2006-இல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படிப்பை முடித்து, சொந்தமாக உணவுத் தொழில் தொடங்கினார்.

"எல்லாம் சரிப்பா, பணம்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. பெரிய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். கல்விக்கடனும், வருமானம் பார்த்துத் தரும் உதவித்தொகையும் உண்டு. ஆனாலும் கடன் கடன்தான். அதற்கு முன்னால் பி.இ. இருக்கிறது. அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அந்தச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கடைசி நாளில் அலையாதீர்கள்.

உடனே வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீடுகளும் உண்டு. அவர்களுக்குப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பல ஐ.ஐ.எம்.கள் பட்டம் பெற்ற பிறகு பார்க்கும் முழுநேர வேலையைத்தான் அனுபவக் கணக்கில் சேர்க்கின்றன. டிப்ளமாவோடு பார்த்த வேலை அந்தக் கணக்கில் ஏறாமல் போகலாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. மூன்று ஷிஃப்ட் பார்த்தவனின் அனுபவம் எந்த வகையில் மட்டம்? ஆனாலும் அந்த அனுபவம் நேர்முக அறையில் பேசும். அதை யாரும் பிடுங்க முடியாது.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டும் பேசும் கூட்டம் நடத்துங்கள். தப்பாகப் பேசினால் யாரும் சிரிக்கக் கூடாது என்பதே ஒரே விதி. நூலகத்தில் டான்செட், கேட் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்கச் சொல்லுங்கள். பி.இ. சேர்ந்த நம் அண்ணன்மார்களையும் அக்காமார்களையும் வருடம் ஒருமுறை அழைத்துப் பேசவையுங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது.

எல்லோரும் எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஃபிட்டரும், நல்ல டர்னரும், நல்ல சூப்பர்வைசரும் இல்லாமல் எந்த மேனேஜரும் இல்லை. ஆனால் "வேண்டாம்" என்று நாம் சொல்வது வேறு, "உனக்கு எதுக்கு?" என்று இன்னொருவன் சொல்லி நாம் தலையாட்டுவது வேறு. ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள் நம் பெரியவர்கள். தோழர்களே, நமக்குப் பட்டம் இதுதான்!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை