வெறுங்கால் யாருடைய மரபு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ராஸ் அல் கைமாவின் ஷவ்கா அணையைச் சுற்றியுள்ள மலைப்பாதைகளில் ஓடி முடித்துவிட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே ஒரு வேன் வந்து நின்றது. பதினைந்து தொழிலாளர்கள் இறங்கினார்கள். கையில் பிரியாணிச் சட்டி, காலில் பாத்ரூம் செருப்பு. இரண்டு பேர் தமிழில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே கற்சரிவில் ஏறினார்கள். செருப்பு வழுக்கவே ஒருவன் அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர், அவரும் தமிழர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், உற்சாகமாகச் சொன்னார்: "பாத்தீங்களா, நாம அறுநூறு திர்ஹாம் குடுத்து வாங்குறது அவங்களுக்குப் பிறவியிலேயே இருக்கு. வெறுங்கால்தானே நம்ம மரபு!"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் லேசான காலணிக்கு எதிரி அல்ல. கட்டுமான சைட்டில் வாரம் ஐந்தரை நாள் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ போடுகிறவன். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: அதில் ஒன்று 650 கிராம். மலைக்குப் போடுவது 210. ஒரு காலைப் பொழுதில் பல்லாயிரம் தடவை தூக்கி வைக்கிற பாதத்துக்கு இந்த வித்தியாசம் என்ன என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஹஜர் மலையில் ஒரே மாதிரிக் கல் கிடையாது. ஹத்தா, ஷவ்கா பக்கம் காலை வைத்தால் சரிகிற பழுப்புக் கற்கள். ஜெபல் ஜைஸ் பக்கம் கத்தி முனை போன்ற சுண்ணாம்புப் பாறை. கனத்த பூட்ஸுக்குள் இருக்கும் கால் கல் புரண்ட பிறகுதான் அதை அறிகிறது. லேசான காலணிக்குள் இருப்பது புரளும்போதே அறிந்துகொள்கிறது.

ஆனால் லேசு வேறு, மெலிசு வேறு. எடை குறைந்தாலும் அடியில் பிடிப்பான ரப்பர் இருக்கலாம். சந்தை இரண்டையும் ஒன்றாக்கி, அதற்கு மேல் 'இயற்கை', 'ஆதி மனிதன்', 'மரபு' என்று முலாம் பூசி விற்கிறது. என் சண்டை அந்த முலாமோடு.

2009-இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் புத்தகம் வந்தது. மெக்சிகோவின் ராராமுரி மக்கள் மலைகளில் ஓடுவதைப் படித்தவர்கள் ஷூவைக் கழற்றி எறிந்தார்கள். ராராமுரிகள் வெறுங்காலில் ஓடவில்லை. பழைய டயரை வெட்டி, வார் கட்டிய செருப்பில் ஓடினார்கள். டயர் செருப்பு! என் அப்பா இருபது வருஷம் போட்டுத் தேய்த்தது. அதில் ஆதி ஞானம் ஏதும் இருப்பதாக அவர் சொன்னதில்லை. விலை குறைவு, முள் ஏறாது என்றுதான் சொல்வார்.

அடுத்த வருஷமே ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மனின் ஆய்வு வந்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குவதால் தரையின் மோதல் குறைகிறது என்றது. உண்மைதான். குறைந்த சுமை மாயமாகிவிடுவதில்லை, கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் போகிறது என்பதை விளம்பரங்கள் சொல்லவில்லை. ஷூவிலேயே வளர்ந்த கால்களைச் சில வாரங்களில் மெல்லிய அடிக்கு மாற்றினால் பாத எலும்புகளில் காயத்தின் அறிகுறி தெரிகிறது என்று 2013-இல் வேறொரு ஆய்வு காட்டியது. எனக்கு அதை ஆய்வு சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் மாதம் புறங்காலில் வந்த வலி ஆறு வாரம் என்னை உட்கார வைத்தது.

1960-இல் ரோமில் அபேபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் வென்றதை எல்லோரும் சொல்வார்கள். நான்கு வருஷம் கழித்து டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி, உலக சாதனையோடு மறுபடியும் வென்றார். அந்தப் படத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. ஏழை நாட்டுக்காரன் வெறுங்காலில் ஓடினால்தான் நமக்குக் கதை.

இப்போது நம் மரபுக்கு வருகிறேன். சங்க நூல்களிலேயே செருப்புக்குத் 'தொடுதோல்' என்ற சொல் இருக்கிறது. அப்படியென்றால் பிற்காலத்தில் யார் கால் வெறுங்காலானது? தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் ஊர்த்தெருவில் அதைப் போட்டு நடக்கக் கூடாது என்று ஆக்கினோம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஓர் ஊர். அங்கே ஆதிக்கச் சாதியினரின் தெருவில் தலித் மக்கள் செருப்போடு நடந்தது பத்திரிகைச் செய்தியானது. வருஷம் 1923 அல்ல, 2023, டிசம்பர். தெருவின் நீளம் சுமார் 300 மீட்டர். நாம் வார இறுதியில் ஓடும் இருபது கிலோமீட்டரை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர்களின் வெறுங்கால் வழியாகத்தான் கொக்கிப்புழு உடம்புக்குள் ஏறி இரத்தத்தைக் குடித்தது. 1916-இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆட்கள் அங்கே வந்து இறங்கியது அந்தப் புழுவை ஒழிக்க. அந்தக் கால்களின் பேரப்பிள்ளைகள் இன்று டொரண்டோவிலும் லண்டனிலும் துபாயிலும் 'வெறுங்கால் அனுபவம்' என்று அச்சிட்ட பெட்டியைப் பிரிக்கிறார்கள்.

பழனிக்கும் சபரிமலைக்கும் வெறுங்காலில் போகிறோமே என்று கேட்பீர்கள். போகிறோம். நேர்த்திக்கடன் என்பது இருப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவைப்பது. விட்டுவைப்பதற்கு எதுவுமே இல்லாதவனின் கால் எந்தச் சாமிக்கும் கடன்பட்டதல்ல.

அதனால் என் வேண்டுகோள் சிறியது. லேசான காலணி வாங்குங்கள், கால் நன்றாகப் பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மலையை ரசியுங்கள். அது உங்கள் தேர்வு, உங்கள் சம்பளம் தந்த வசதி. அப்படியே சொல்லுங்கள். மரபு என்று சொல்லி, தேர்வே இல்லாதிருந்தவர்களை உங்கள் விளம்பரத்தில் நிற்க வைக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் பிகிலாவோடு ராஜாவூரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்று கிளம்புவதற்கு முன் அந்தப் பையனிடம் போய்ப் பேசினேன். விருத்தாசலம் பக்கம். ஷார்ஜாவில் கம்பி கட்டுகிற வேலை. "ஆறு நாள் சேஃப்டி ஷூவுல கால் வெந்துபோவுது அண்ணே, அதான் இன்னிக்கு ஒரு நாள் காத்தோட்டமா" என்றான். என் காலணியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல மேலும் கீழும் ஆட்டினான். விலையைக் கேட்டான், சொன்னேன். அடியைத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

"இவ்ளோ காசு குடுத்தும் கல்லு குத்துமா அண்ணே?"

"கொஞ்சம் குத்தும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.