சூரியனைக் காணும் உரிமை

கொழும்பு மாநகரில் சூரிய கிரகணம் தென்படும் நாட்களில் இருவேறு காட்சிகளைக் காணலாம். வெள்ளவத்தையிலே, காலி வீதியின் இருமருங்கும் எழுந்து நிற்கும் மாடிக் குடியிருப்புகளில் யன்னல்கள் சாத்தப்படுகின்றன. பிள்ளைகள் அறைக்குள் அடைக்கப்படுகின்றனர். கருவுற்ற பெண்ணுக்கு ஒரு மிடறு தண்ணீரும் மறுக்கப்படுகிறது. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான தோட்டங்களிலோ, பழைய எக்ஸ்றே தாளின் துண்டொன்றைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிறுவர் சூரியனை நேரே நோக்குகின்றனர். ஊர்களை மாற்றிச் சொன்னாலும் பிழையில்லை. இரண்டு காட்சியும் இரண்டிடத்திலும் உண்டு. ஒன்று அச்சத்தின் காட்சி. மற்றையது அறியாத் துணிச்சலின் காட்சி. எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. மக்களுக்கு உரிய அறிவு மக்களிடம் சேர்க்கப்படவில்லை என்பதே அந்த வேர்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவுறுத்திக் கொள்வோம். கிரகணத்தின்போது சூரியனிலிருந்து நச்சுக் கதிர் எதுவும் புதிதாகப் புறப்படுவதில்லை. சந்திரன் இடையே வந்து ஒளியில் ஒரு பகுதியை மறைக்கிறது; அவ்வளவே. நேற்று வந்த கதிரே இன்றும் வருகிறது, அதுவும் குறைந்த அளவில் வருகிறது. அதனால் சமைத்த சோறு நஞ்சாவதில்லை. வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஊனம் நேர்வதில்லை. ஆனால் மணிக்கணக்காக நீரின்றிப் புழுக்கமான அறையில் இருத்தப்படும் தாய்க்கு ஏற்படும் சோர்வு கற்பனையன்று, மெய்யானது.

அவ்வாறாயின் கண்ணுக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? சூரியனிடமிருந்தே வருகிறது, கிரகண நாளில் மட்டுமன்று, எந்நாளும் வருகிறது. ஏனைய நாட்களில் கூச்சம் நம்மைக் காக்கிறது; ஒரு கணத்தில் முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். கிரகண வேளையில் வெளிச்சம் மங்குகிறது. கண்ணின் பாவை விரிகிறது. ஆவல் பார்வையை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. மறையாது எஞ்சி நிற்கும் பிறையின் மேற்பரப்போ முழுச் சூரியனின் அதே பிரகாசத்துடன் எரிகிறது. கண்வில்லை அவ்வொளியை விழித்திரையின் நடுவில் குவிக்கிறது. எழுத்தை வாசிப்பதற்கும் முகத்தை அடையாளம் காண்பதற்கும் நமக்கு உதவுவது அந்தச் சிறு இடமே. விழித்திரையில் நோவை உணரும் நரம்புகள் இல்லை. ஆகவே அது சுட்டெரிக்கப்படும்போது மனிதன் அறிவதில்லை. சில மணி நேரம் கழிந்த பின்னரே, பார்க்குமிடமெல்லாம் நட்ட நடுவில் ஒரு கறை நிற்பதை அவன் காண்கிறான். சிலருக்கு அது மாதக்கணக்கில் ஓரளவு தெளியும். சிலருக்கு ஆயுள் முழுவதும் நிலைக்கும். இதனைக் குணப்படுத்தவல்ல நிச்சயமான சிகிச்சை எதுவும் இல்லை. பெரியவர்களைவிடச் சிறுவரின் கண்வில்லை தெளிவானது. ஆதலால் அவர்களுக்கு ஆபத்தும் பெரிது.

இவ்வளவு தெளிவான உண்மை இருக்க, இராகுவும் கேதுவும் நம் வீடுகளுக்குள் இன்னும் எவ்வாறு ஆட்சி செலுத்துகின்றன? பஞ்சாங்கத்தை எடுத்துப் பாருங்கள். கிரகணம் தொடங்கும் நேரம், உச்ச நேரம், விடும் நேரம் ஆகியவை நாழிகை விநாடி சுத்தமாகக் கணிக்கப்பட்டிருக்கும். பாம்பு எப்போது விழுங்கும் என்று பாம்பைக் கேட்டுக் கணித்தார் எவருமிலர். சந்திரனின் நிழலே காரணம் என்று ஆரியபட்டர் கி.பி. 499இல் எழுதிவிட்டார். சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுக் கிரகணத்தை வனபர்த்தியிலிருந்து ஆராய்ந்தார். கண்ணால் கண்டு சரிபார்த்த கணிதத்தின்படி பஞ்சாங்கம் திருத்தப்படவேண்டும் என்று வாதாடினார். அதே கிரகணத்தைக் குண்டூரிலிருந்து நோக்கிய பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் சூரியச் சுவாலையின் நிறமாலையை ஆராய்ந்தார். ஹீலியம் என்ற மூலகத்தை மனிதகுலம் அறிந்த கதை அந்நாளிலிருந்தே தொடங்குகிறது. நமது மண்ணில் விழுந்த நிழலிலிருந்து உலகம் ஒரு புதிய மூலகத்தைக் கற்றது; நாமோ அந்நிழலுக்குப் பரிகாரம் தேடிக் கொண்டிருக்கிறோம். கணிதத்தை எடுத்துக்கொண்டு, அதன் பொருளை மறைத்து, அடுத்த பக்கத்தில் எந்த நட்சத்திரக்காரர் எத்தனை ரூபாய்க்குச் சாந்தி செய்யவேண்டும் என்று அச்சிடுவது அறியாமையன்று, வியாபாரம்.

அச்சம் ஒரு சந்தைப் பொருளானால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சான்று. 1955 ஜூன் 20ஆம் நாள் இலங்கை மீது விழுந்த முழுக் கிரகணம், அதன் உச்ச இடத்தில் 7 நிமிடம் 8 செக்கன் நீடித்தது; இருபதாம் நூற்றாண்டிலேயே மிக நீண்டது அதுவே. அதனை ஆராய வெளிநாட்டு அறிஞர்கள் கருவிகளுடன் இங்கு வந்தனர். அவர்கள் கருவிகளைச் சரிசெய்துகொண்டிருந்த அதே நாட்களில் நாட்டில் ஒரு வதந்தி உலவியது. கிரகண வேளையில் ‘வதகஹ சுதிய’ என்னும் மூலிகையை அருந்தினால் மேனி வெளுத்து அழகு பெருகும் என்பதே அது. அதை நம்பி அருந்திய பலர் நோயுற்று ஆஸ்பத்திரிகளை நாடினர். சுதந்திரம் பெற்று ஏழாண்டுகள் கழிந்த பின்னும் வெள்ளைத் தோலே அழகு என்று நம்பிய ஒரு சமுதாயத்தின் நோய் அது. அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. வானில் நிகழ்வது யாது என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லாத படித்த வர்க்கத்தை அல்லவா முதலில் கேள்வி கேட்கவேண்டும்?

இனி, நம்மவர் பக்கம் திரும்புவோம். தமிழகத்தில் கிரகண வேளையில் பகிரங்கமாக உணவு உண்டு காட்டும் பகுத்தறிவாளர்களின் செயலை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் அதே உற்சாகத்தில், “பாம்பு பொய், ஆகவே பயமும் பொய், வா, பார்ப்போம்” என்று மாணவனை வெறுங்கண்ணுடன் வெளியே அழைத்து வரும் இளைஞர் சிலரும் நம்மிடையே இருக்கின்றனர். இது பகுத்தறிவன்று; மூடநம்பிக்கையைத் தலைகீழாகப் பிடித்ததேயாகும். இராகு பொய்யாக இருக்கலாம், விழித்திரை பொய்யன்று.

பாதுகாப்பு என்று நாம் நம்பிவரும் சாதனங்களைச் சோதித்துப் பாருங்கள். சர்வதேச நியமம் 12312-2இன்படி, சூரியனைப் பார்க்கத் தகுந்த வடிகண்ணாடி கட்புலனாகும் ஒளியில் நூற்றுக்கு 0.0032 பங்குக்கு மேல் உட்செல்ல விடலாகாது. அதாவது முப்பதாயிரத்தில் ஒரு பங்கும் முழுதாக நுழையக்கூடாது. தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணி நீரோ வைத்து அதில் சூரியனைப் பார்ப்பது நமது பழைய வழக்கம். நீரின் மேற்பரப்பு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அது நியமத்தின் எல்லையைப் போல் அறுநூறு மடங்குக்கு மேல். மஞ்சளும் சாணியும் அந்த மேற்பரப்பை ஒன்றும் செய்வதில்லை. ஐசாக் நியூட்டன் இளமையில் கண்ணாடியில் தெரிந்த சூரிய பிம்பத்தை நோக்கிக் கண் கெட்டு, மூன்று நாட்கள் இருட்டறையில் அடைந்து கிடந்ததைப் பின்னர் தாமே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். உலகத்துக்கு ஒளியியல் கற்பித்த மேதைக்கே பிரதிபிம்பம் கருணை காட்டவில்லை. புகையூட்டிய கண்ணாடி, எக்ஸ்றே தாள், குறுந்தட்டு, வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி ஆகியவை கூச்சத்தைக் குறைக்கும். கண்ணுக்குத் தெரியாத கதிரை உட்செல்ல விடும். கூச்சம் நம் கண்ணின் காவலன். காவலனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கே அவை பயன்படும். வெல்டிங் வேலைத்தலங்களில் வழக்கமாக உள்ள 10ஆம், 11ஆம் இலக்கக் கண்ணாடிகளும் போதா. 14ஆம் இலக்கம் வேண்டும். தொலைநோக்கியை வெறுமனே சூரியன் பக்கம் திருப்புவதோ கண்ணைக் கையாலேயே குத்துவதற்கு ஒப்பாகும்.

கிரகணம் இல்லாத நாளிலும் இவ்வாபத்து உண்டு. 2008இல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், வானில் மாதாவின் திருவுருவம் தெரிகிறது என்ற வதந்தியை நம்பிச் சூரியனை உற்று நோக்கிய ஏறக்குறைய ஐம்பது பேர் விழித்திரை எரிந்து வைத்தியசாலை சேர்ந்தனர். அவர்களது பக்தியை நாம் பழிக்கவில்லை. அந்தப் பக்தியைக் காக்க ஒரு துளி விஞ்ஞானம் அருகில் இல்லாமற் போனதையே பழிக்கிறோம்.

இலங்கை மக்கள் கண்தானத்தில் உலகுக்கே வழிகாட்டியவர்கள். 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தான சங்கத்தின் மூலம், இந்நாட்டு ஏழை எளியவர்கள் இறந்தபின் ஈந்த கண்கள் பல நாடுகளின் பார்வையற்றோருக்கு ஒளி தந்தன. ஆனால் அங்கே மாற்றிப் பொருத்தப்படுவது கண்ணின் முன்புறத்துக் கருவிழிப்படலம் மாத்திரமே. எரிந்த விழித்திரைக்கு மாற்று விழித்திரை தரும் தானம் உலகில் எங்கும் இல்லை. பிறர் கண்ணுக்காக இவ்வளவு ஈந்த நாடு, தன் பிள்ளைகளின் கண்களைக் கிரகணத்துக்கு முன்னாள் வெளிவரும் இரண்டு வரி எச்சரிக்கையிடம் ஒப்படைத்துவிடலாமா?

“பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது, எதற்கு இவ்வளவு பிரசங்கம்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஆசிரியர் சிலரும் அவர்களுள் அடங்குவர். பெற்றோரின் அன்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் அடைத்து வைக்கப்பட்ட சிறுவன் யன்னல் இடுக்கால் எட்டிப் பார்ப்பான். எப்படிப் பார்க்கலாகாது என்பதை எவரும் அவனுக்குச் சொல்லியிரார். அன்றி அவன் பார்க்கவேயில்லை எனினும், வானம் என்பது அஞ்சி ஒளியவேண்டிய இடம் என்ற பாடத்தைக் கற்றுக் கொள்கிறான். அப்பாடம் கிரகணத்தோடு முடிவதில்லை. வானத்துக்கு அஞ்சப் பழகியவன் முதலாளிக்கும் அஞ்சுவான், அதிகாரிக்கும் அஞ்சுவான்.

பணமுள்ளவர்கள் நியமத்துக்கு ஏற்ற கண்ணாடியை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொள்வார்கள். துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை என்ன செய்யும்? இங்குதான் விஞ்ஞானம் ஏழையின் பக்கம் நிற்கிறது. பத்தாம் பதினோராம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அராபிய அறிஞர் இப்னு அல் ஹைதம், சிறு துளையினூடே வரும் கிரகணச் சூரியனின் பிறை வடிவத்தை ஆராய்ந்து எழுதினார். அந்த ஊசித்துளை இன்றும் செலவின்றிக் கிடைக்கிறது. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு மீற்றர் தூரத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தால் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் அகலமான சூரிய பிம்பம் விழும். அடுக்களை அரிதட்டைப் பிடித்தால் நூறு பிறைகள் நிலத்தில் விழும். முற்றமில்லாத பாடசாலைக்கும் வழி உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவே அரைச் சென்ரிமீற்றர் அளவில் ஒரு துவாரம் விட்டு, யன்னலருகே வைத்து, ஒளியை இருண்ட வகுப்பறையின் உட்சுவருக்குத் திருப்புங்கள். பத்து மீற்றர் தூரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சூரியன் சுவரில் தோன்றும். எவரும் அந்தக் கண்ணாடிக்குள் நோக்காதிருந்தாற் போதும்; நாற்பது மாணவர் ஒரேசமயத்தில் சுவரைப் பார்த்துக் கிரகணத்தைக் காணலாம். இருட்டறை அப்போது சிறையாயிராது, ஆய்வுகூடமாகும்.

2010 ஜனவரி 15ஆம் நாளும் 2019 டிசம்பர் 26ஆம் நாளும் யாழ்ப்பாண வானில் வளையக் கிரகணம் தோன்றியது. கொழும்பில் பகுதியாகத் தெரிந்தது. வளையக் கிரகணத்தில் வெறுங்கண்ணால் பார்க்கத்தக்க ஒரு கணமேனும் இல்லை என்பதை எத்தனை வகுப்பறைகள் அன்று அறிந்திருந்தன? 2031 மே 21ஆம் நாள் தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்து மற்றொரு வளையக் கிரகணம் செல்லவிருக்கிறது. வான் கணிதம் நமக்கு முன்னறிவித்தல் தந்துவிட்டது. திடீரென வந்தது என்று எவரும் சாட்டுச் சொல்ல இயலாது. கொழும்பில் 1965 முதல் ஒரு கோள்மண்டபம் நிற்கிறது; பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன; ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. தரமான வடிகண்ணாடிகளை ஒவ்வொரு பாடசாலைக்கும் இலவசமாக வழங்குமாறு கல்வி அதிகாரிகளிடம் இன்றே கோருவோம். அவர்கள் தருமட்டும் காத்திராமல், அட்டையையும் ஊசியையும் நாமே கையில் எடுப்போம். நிழல் வருவது நிச்சயம். அது வரும்போது நம் பிள்ளைகள் கட்டிலுக்கடியிலும் இருக்கலாகாது. எக்ஸ்றே தாளைப் பிடித்துத் தெருவிலும் நிற்கலாகாது. சூரியனுக்கு முதுகு காட்டி, நிமிர்ந்து நின்று, தங்கள் கைகளால் செய்த துளையினூடே அவர்கள் அதனைக் காணவேண்டும்.