இறைவன் அரசை எதிர்ப்பது யாது?

சைவ நன்மக்காள்! கிறித்து சமயத்தார் கூறும் தேவராச்சியம் என்பதும், அதனை எதிர்த்து நிற்கும் சாத்தான் என்பதும் நம் தெருக்களிற் பலகாலும் கேட்கப்படுவன. இலண்டன் மிஷன் சங்கத்தார் 1830-இல் கோயமுத்தூரிற் கால்கொண்டனராகலின், கொங்குநாட்டார்க்கு இச்சொற்கள் புதியனவல்ல. பிறர் தங்கடவுளை எவ்வாறு வழுத்தினும் அவரோடு நமக்கு வழக்கில்லை. அவ்வெதிரியின் பாசறை யாண்டுளது என்னும் வினாவிற்கு, அவருட் சில ஊழியர் நம் திருக்கோயில்களைச் சுட்டும்பொழுதே வழக்கு எழுகின்றது.

இஃது இன்று தோன்றிய சுட்டன்று. சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் 1713-இல் அச்சிட்ட சிறுநூலின் பெயரே ‘அக்கியானம்’ என்பது. கால்டுவெல் ஐயர் 1849-இல் தென்பாண்டிநாட்டு எளிய மக்களின் வழிபாட்டைப் பேய்வணக்கம் என எழுதினார். இத்தகைய தூஷணங்கட்கு நாவலரவர்கள் 1854-இல் சைவதூஷணபரிகாரம் இயற்றி விடை பகர்ந்தனர். எனினும், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நாட்டுப் பீட்டர் வாக்னர் என்பார், ஒவ்வோர் ஊரையும் நாட்டையும் ஒரு தீயஆவி ஆள்கின்றதென்றும், செபத்தாற் போர்செய்து அதனை வீழ்த்தல் வேண்டுமென்றும் நூல்கள் வாயிலாகப் பரப்பினார். அவர் சமயத்தாராகிய லோசான் இயக்கத்தாரே 1993-இல் இலண்டனிற் கூடி, இப்போர்மொழியின்கண் விழிப்பு வேண்டுமென அறிவுறுத்தினர். அவ்வறிவுரை நம்மூர் ஊழியர் செவிக்கு எட்டிற்றில்லை போலும்!

இனிப் பொருளை ஆராய்வாம். சாத்தான் அநாதியாயின் கடவுளர் இருவராவர். படைக்கப்பட்டவனாயின், தூயோனாகப் படைக்கப்பட்டவன் தீதை விழைந்தது எற்றால்? அவனுக்கு அளிக்கப்பட்ட சுதந்தரத்தால் என்பர். சுதந்தரம் இருவழியும் செல்லவல்லதொரு வாயிலேயன்றித் தீயவழியை விழையச்செய்யும் ஏது ஆகாது. அவ்வேது அவனுள்ளே முன்னரே இருந்திருத்தல் வேண்டும். அதனையன்றோ நம் ஆசிரியர் ஆணவமலம் என்றனர்! செம்பிற் களிம்புபோல் உயிரோடு அநாதியே ஒட்டிக்கிடப்பது, அறிவில்லாச் சடம், எல்லா உயிர்க்கும் பொது. அஞ்ஞானம் என யாம் கூறுவது இதனையே. அவர் அச்சொல்லைப் பிறர் வீட்டு வாயிலில் எழுதினர்; யாம் அதனை நம் நெஞ்சினுட் காண்கின்றோம். அம்மலம் பரிபாகம் எய்துமாறு மறைத்து நடத்தும் திரோதானமும் இறைவன் சத்தியே ஆகலின், அவனுக்கு மாற்றரசன் ஒருவன் இலன்.

அவர்தம் வேதமும் ஈண்டு நமக்கே சான்றாகின்றது. யோபுவின் சரிதத்திற் சாத்தான் கடவுள் விடுத்த எல்லையளவே செல்கின்றான். மத்தேயுவின் 16-ஆம் அதிகாரத்தில், பரலோகராச்சியத்தின் திறவுகோலைப் பெறுவாய் என்று சொல்லப்பட்ட பேதுருவையே, இயேசுநாதர் சிறிது பொழுதிற் சாத்தான் என்று கடிந்து விலக்குகின்றார். எதிர்ப்பு எழுந்த இடம் புறச்சமயத்தார் கோயிலன்று, தலைமாணாக்கர் நெஞ்சம்.

பவுலர் கொரிந்தியர்க்கு வரைந்த முதல் நிருபத்தில், அஞ்ஞானிகளின் பலி பேய்கட்கே என்றாரே எனின், அவர் கண்டவை கிரேக்கர் பலிகள். சிவபூசையை அவர் கண்டாரல்லர். அன்றியும், விக்கிரகம் ஒரு பொருளன்று என அந்நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் மொழிந்தவரும் அவரே. பொருளல்லாத ஒன்று கோட்டையாமாறு எங்ஙனம்? நம் சித்தியார் பரபக்கத்திற் பிறர் கொள்கைகளை வன்மையாக மறுத்தது உண்மையே. ஆயினும், எத்தெய்வத்தை வழிபடுவார்க்கும் ஆண்டு நின்று அருள்பவன் சிவனே என்றுதான் அந்நூல் கொண்டது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதாயின் யாம் எழுதப் புகேம். ஒருதாய் வயிற்றுப் பிறந்தாருள் ஒருவர் அந்நெறி புக்கக்கால், இல்லத்துப் பொங்கலும் திருநீறும் பேயின் படையல் எனக் கற்பிக்கப்படுகின்றன. துடியலூரை அடுத்த வடமதுரையில் எழுந்தருளிய பெருமானுக்கு விருந்தீசுவரர் என்பது திருநாமம். பசித்து வந்த சுந்தரமூர்த்தி நாயனார்க்கு ஆங்கு இறைவனே விருந்தளித்தான் என்பது தலவரலாறு. அப்பெருமானுக்கு நிவேதித்த சோற்றைத் தாய் நீட்ட, மகன் பேயுணவென்று தள்ளுவானாயின், அவ்விடத்துத் தேவராச்சியத்தை எதிர்த்து நின்றது யாது என்பதனை, அவனுக்குக் கற்பித்த ஊழியரே சொல்லக்கடவர்.