மத்தியின் மதிப்பு

அரிந்து வைத்த வாழைக்காய் சிறிது நேரத்தில் கறுக்கின்றது. மழையில் நனைந்த இரும்பு துருவேறுகின்றது. இவ்விரண்டிலும் உயிர்வளி எனப்படும் ஆக்சிஜனுக்குப் பங்குண்டு. நம்மை வாழ்விக்கும் அவ்வளியே உடலினுள் சிற்சில சேர்மங்களாக மாறி உயிரணுக்களைச் சிதைக்கவும் முற்படுகின்றது. அச்சிதைவைத் தடுப்பவற்றை ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள்கள் என்பர். காய்கனிகளில் அவை உண்டென்பதைப் பலர் அறிவர்; மீனுணவிலும் உண்டென்பதை அறிந்தவர் சிலரே.

இறாலை நோக்குங்கள். வேகவைத்தவுடன் அது செந்நிறம் பெறுகின்றது. அந்நிறம் நெருப்புத் தந்ததன்று. புரதத்தோடு பிணைந்து மறைந்திருந்த அஸ்டாசாந்தின் என்னும் நிறப்பொருளே வெப்பத்தால் விடுபட்டு வெளிப்படுகின்றது. அதுவும் ஓர் எதிர்ப்பொருளே.

மீனில் செலீனியம் என்னும் தனிமமும் உண்டு. உயிரணுக்களைக் காக்கும் நொதி ஒன்றில் அஃது உறுப்பாக அமைந்திருப்பதை 1973-ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர். நமக்கு நாள்தோறும் வேண்டும் அளவு, ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. மத்தி போன்ற எளிய மீனே அதில் பெரும்பகுதியைத் தரவல்லது.

ஆயினும், நாம் மீனை விலைகொண்டே மதிக்கின்றோம். வஞ்சிரத்தைப் போற்றுகின்றோம், மத்தியை இகழ்கின்றோம். தென்னைக்கு எருவாகவும், மீன்தூளாக்கிக் கோழிக்குத் தீவனமாகவும் அது சென்றுவிடுகின்றது. குழந்தைகள் சத்துக்குறைவால் வாடும் நாட்டில், உண்ணத்தக்க மீனை இவ்வாறு செலவிடுதல் முறையாகுமோ?

இச்சத்துகளை மாத்திரையாக விழுங்கலாமே என்பார் உளர். செலீனியம் மிகுந்தால் தீங்கு பயக்கும். மேலும், மாத்திரை பசியாற்றுவதில்லை. மீனோ புரதத்தையும் நல்ல கொழுப்பையும் சேர்த்தளிக்கின்றது. முள்ளோடு உண்ணும் சிறுமீன் சுண்ணாம்புச் சத்தையும் தருகின்றது.

மீன் எல்லா நோய்க்கும் மருந்தென்று கூறுவதும் மிகையே. மேலும், அதன் கொழுப்பு காற்றும் வெயிலும் பட்டால் விரைவில் கெடும். கருவாடு மஞ்சளித்துக் காறுவது அதனாலேயே. எனவே, பிடித்த மீனைச் சுடுமணலில் கிடத்தாமல், நிழலில், பனிக்கட்டியிட்டுக் காத்தல் வேண்டும். அதற்கான வசதி பெரிய துறைமுகங்களில் மட்டுமன்றிச் சிறு கடற்கரையூர்களிலும் அமைதல் வேண்டும்.

மாணவர்களே! மலிவு என்பது சந்தை இட்ட பெயர். தாழ்வு என்பது நாம் இட்ட பெயர். மீனுண்ணும் இல்லங்களில் எளிய மீனுக்கும் உரிய இடம் அளிப்போமாக. அறிவறிந்த பின்னரும் விலையொன்றையே அளவுகோலாகக் கொள்வது கற்றவர்க்கு அழகன்று.